பைருவேட் நுழையும் வாசல்

என் மனைவி திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் கணக்குத் தணிக்கை செய்பவன். நாங்கள் உண்ணும் சர்க்கரை செல்லுக்குள் உடைந்து பைருவேட் ஆகிறது என்பதும், அதை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைத் தாண்ட அதற்கென்று இரண்டு புரதங்கள் சேர்ந்த ஒரு வாசல் உண்டு என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் சர்க்கரை நோய்க்குத் தினமும் விழுங்கும் மாத்திரையைத்தான் அவள் அப்போது சோதித்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்து செல்லின் உட்கருவில் மெதுவாக வேலை செய்யும் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அவள் சோதனையிலோ, மருந்தைச் சேர்த்த சில நிமிடங்களிலேயே மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜன் எடுப்பது குறைந்துவிட்டது. செல்கள் செத்திருக்கும், அவள் தயாரித்த பக்குவம் தப்பியிருக்கும் என்றார் அவளுடைய மேலதிகாரி. அந்த வாரம் முழுக்க வீட்டிலும் அந்த வரைபடங்களையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குக் கிளம்பினோம். வழியில் வித்துராவில் சாயா குடிக்கும்போது கிளாஸைக் கீழே வைத்தாள்.

"வண்டியத் திருப்புவமா? அந்தச் செல்லுக்கு வேற தீனி கொடுத்துப் பாக்கணும்."

காரணம் கேட்காமல் திருப்பினேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். வளர்த்து வைத்திருந்த செல்களை எடுத்து, அதே மருந்தைச் சேர்த்து, ஒரு குப்பியில் பைருவேட்டும் இன்னொன்றில் அதற்குப் பதிலாக குளூட்டமேட்டும் கொடுத்தாள். குளூட்டமேட் வேறு வாசல் வழியாக உள்ளே போகுமாம்; செல்கள் செத்திருந்தால் அதையும் எரிக்க முடியாதாம். திரையில் ஆக்சிஜன் எடுப்பதைக் காட்டும் கோடு அதற்குச் சரியவில்லை. பைருவேட் கொடுத்த குப்பியில் மட்டும் சரிந்தது.

"சாவல்ல, கேட்டீயளா. வாசல மட்டும்தான் மறிக்கி," என்றாள். குரலில் ஆரவாரம் இல்லை. கண்கள் மட்டும் நனைந்திருந்தன.

எனக்குப் பயம் வந்தது. மாத்திரையை நிறுத்தவா என்று கேட்டேன். இங்கே ஊற்றிய அளவும் உடம்பில் சேரும் அளவும் ஒன்றல்ல, அந்தத் தடையால் கல்லீரலுக்கு நன்மைகூட இருக்கலாம், எதுவானாலும் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

அடுத்து வந்த வாரங்களில் அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். முடிவு மாறவில்லை. மேலதிகாரி வரைபடங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, தான் நினைத்தது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். வெளிநாட்டில் இதை முன்பே கண்டிருக்கிறார்கள் என்று அவளே எனக்குச் சொன்னாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. தன் கையால் செய்து பார்த்ததே போதும் என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். அப்படியொரு நிம்மதியை நான் என் தொழிலில் கண்டதில்லை.