ரிம்மில் தடவிய எண்ணெய்

“சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். பிரேக் சரி.” ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை என் சைக்கிள் நோட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். மறுநாள் நான் பூ வாங்கத் திருப்பாதிரிப்புலியூர் போயிருந்தபோது, சிதம்பரத்திலிருந்து வந்திருந்த என் மச்சினன் சைக்கிளைக் கழுவி, பளபளப்புக்காக, பிரேக் கட்டை பிடிக்கிற ரிம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை ஆறேகாலுக்கு எட்டு வயது மகளைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். தெருமுனைச் சரிவில் எதிரே லாரி. இரண்டு பிரேக்கையும் அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. ஹேண்டிலை ஒடித்து ஓரத்து மணல் குவியலில் விழுந்தோம். மகளுக்கு முழங்கை கிழிந்தது.

ரிம்மைத் தொட்டால் விரலெல்லாம் எண்ணெய். ஊருக்குத் திரும்பிவிட்ட மச்சினனிடம் போனில் கத்தினேன். “மின்னுச்சா இல்லையா மாமா? நோட்டெல்லாம் எழுதுறீங்க, ஏறுறதுக்கு முன்னாடி பிரேக்க புடிச்சுப் பாக்க மாட்டீங்களா?” என்று சிரிக்கிறான்! அவன் கேட்டது நியாயம் என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

பிரேக் கட்டைகளை மாற்றி, ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை தேய்த்தேன். இப்போது தினமும் வாசலிலேயே வண்டியைத் தள்ளி, முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்துத்தான் ஏறுகிறேன்.

அவன் மகள் பள்ளிக்கு ஓட்டும் சைக்கிளுக்கும் இதே எண்ணெய்தானாம். “கழுவிட்டேன் மாமா” என்கிறான். நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை.