கொப்பியின் மேல் வைத்த சட்டி

நாவற்குடாவில் உள்ள என் தச்சுப் பட்டறையில் ஒரு கதவுப் பலகையைச் சீவிக்கொண்டிருந்தபோது மெக்சியின் அழைப்பு வந்தது. "அன்ரி போயிட்டா" என்றான். ரோஸ்லின் அன்ரியின் குசினியில் மூன்று வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர்கள் நாங்கள். அந்த இரண்டு சொல் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அவரை நீங்கள் தையல்காரியாக அறிந்திருப்பீர்கள். மட்டக்களப்பில் எத்தனையோ மணப்பெண்களின் கவுனுக்கு ரேந்தைப் பின்னல் வைத்துத் தைத்தவர் அவர். எங்களுக்கோ அவர் மொழி தந்தவர். நாங்கள் பறங்கியர், எங்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. போர்த்துக்கேயர் விட்டுப்போனதை எங்கள் முன்னோர் இந்த வாவிக்கரையில் வைத்துத் தங்களுக்கேற்றபடி வளைத்து எடுத்தார்கள். என் அப்பா தன் சகோதரர்களோடு அதில்தான் பேசுவார். என்னோடு தமிழ்தான். "ஒனக்கு இது எதுக்கு மனே?" என்பார். நாற்பத்தாறு வயதில்தான் அது எனக்கு எதற்கு என்று தெரிந்தது.

அன்ரி தன் குசினியில் நடத்திய பாஷை வகுப்புக்கு முதல் நாள் ஒரு புதுக் கொப்பியும் இரண்டு பேனையுமாகப் போனேன். அன்ரி கொப்பியை வாங்கிப் பார்த்தார். நல்ல கொப்பி என்றார். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அதன்மேல் வைத்துவிட்டார்.

"எழுதினது அலுமாரிக்குள்ள கிடக்கும் மனே. கையில பழகினதுதான் கூட வரும். வாங்க, இறாலை உரிங்க."

குசினி வாசலைத் தாண்டினால் தமிழ் கிடையாது என்பது அவருடைய சட்டம். எங்கள் பாஷையில் உப்புக்குச் 'சால்' என்று பெயர். அதைச் சொல்லிக் கேட்கும்வரை உப்பு வராது. வாழைச்சேனையில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய மெக்சி வெட்கத்தில் வாய் திறக்காமல் இரண்டு கிழமை உப்பில்லாத கறி சாப்பிட்டான். மூன்றாம் கிழமை கேட்டான். அன்ரி உப்பைச் சிரட்டையோடு தூக்கி அவன் கையில் கொடுத்தார். பரிசு வாங்கியவனைப் போல அதை வைத்துக்கொண்டு அவன் நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. நாங்கள் பதினொரு பேர், எல்லோருமே பேரப்பிள்ளை காணும் வயதை நெருங்கியவர்கள், இப்படித்தான் பேசப் பழகினோம். நண்டு கழுவினோம், துணி வெட்டினோம், கல்யாண வீடுகளில் அவர் பாட நாங்கள் ஆடினோம்.

அவருக்கு இதில் என்ன இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். தையல் மெசினை நிறுத்தாமலே சொன்னார்.

"என்ட மனிசன் செத்த நேரம் வீடு நிறையச் சனம். எல்லாரும் தமிழில அழுதாங்க, தமிழில செபிச்சாங்க. குறை சொல்லல்ல. ஆனா அந்த மனிசனுக்கு அவர்ட பாஷையில ஒரு ஆளும் போயிட்டு வாங்க எண்டு சொல்லல்ல. எனக்கு அண்டைக்கு வாய் வரல்ல. நான் போற நேரம் எனக்கு ஆராவது சொல்ல வேணும்."

அந்த ஆள் நான்தான் என்று அன்றைக்கே மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. ஒருமுறை எங்கள் பேச்சைப் பதிவுசெய்ய வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்தார். விறாந்தையில் கதிரை போட்டு, மைக்கை நடுவில் வைத்து, பேசச் சொன்னார். பதினொரு பேருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பாஷை பேசி எங்களுக்குப் பழக்கமே இல்லை. அன்ரி எங்களை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய் ஒரு சுளகு நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து கொட்டினார். உரிக்கத் தொடங்கியதும் பேச்சு வந்தது. பிறகு நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது. மைக்கைக் கொண்டுவந்த பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களோடு உரித்தார்.

அவர் போனபிறகு அன்ரி என்னைக் கேட்டார்: "என்னை அடக்குற இடத்துக்கும் வெங்காயம் கொண்டு வாறதா, மனே?" எல்லோரும் சிரித்தோம்.

அவர் பயந்தபடியேதான் நடந்தது. அடக்கத்தன்று கோவிலில் பாதர் பேசச் சொல்லி என் பெயரைக் கூப்பிட்டார். மைக்கின் முன் போய் நின்றேன். இரண்டு கையும் வெறுங்கை. மூன்று வருடத்துச் சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. தமிழில் ஏதோ நாலு வரி சொல்லிவிட்டு இறங்கினேன். பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை.

சேமக்காலையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டு முடிந்ததும் குழி வெட்டியவர் மூட ஆரம்பித்தார். வயதான மனிதர், மூச்சு வாங்கினார். நான் மண்வெட்டியை வாங்கினேன். மறுபக்கம் மெக்சி இன்னொன்றை எடுத்தான். நாலைந்து தடவை மண் தள்ளியிருப்பேன். "மெதுவாகப் போடு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடு" என்று யாரோ எங்கள் பாஷையில் சொல்வது கேட்டது. சொன்னது நான்தான். உப்புப் போடும்போது அன்ரி எங்களிடம் சொல்வது அது. "இந்தப் பக்கம் இன்னும் வேணும்" என்று மெக்சி அதே பாஷையில் பதில் சொன்னான். மற்றவர்கள் வந்து கையாலேயே மண்ணை அள்ளினார்கள். ஆளுக்காள் பேசினார்கள். குழி நிரம்பி, நான் மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிச் சமன் செய்யும்போது, போயிட்டு வாங்க அன்ரி என்று அவருடைய பாஷையிலேயே சொன்னேன். மற்றப் பத்துப் பேரும் என்னோடு சேர்ந்து சொன்னார்கள். நான் ஓவென்று அழுதேன், ஆனால் அவ்வளவு பெருமையாக நான் வேறு எங்கும் நின்றதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கொப்பிதான். அட்டையில் சட்டியின் கரி வளையம் இருக்கிறது. உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. போன சனிக்கிழமை வகுப்பு என் பட்டறையில் கூடியது. கேள்விப்பட்டு ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் புதிதாக வந்திருந்தார். பையைத் திறந்து புதுக் கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நல்ல கொப்பி என்று சொல்லிவிட்டு, பசைச் சட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.