இருபதுக்குப் பிறகும்

தொண்ணூறுகளின் நடுவில், ஓகஸ்ட் மாதம் வந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நகர வெளிச்சம் எட்டாத இடமாகத் தேடி, கனடாவின் ஒஷாவா நகருக்கு வடக்கே ஒரு வயல்வெளிக்கு, தெரிந்த நாலு பேரைக் காரில் அள்ளிக்கொண்டு போவேன். எரிநட்சத்திரங்களைப் பார்த்துப் பதியப் பழக்குவதுதான் நோக்கம்.

நான் நல்ல வாத்தியார் இல்லை; சிடுமூஞ்சி. "கண்ணை வானத்தில இருந்து எடுக்கக்கூடாது. தாளைப் பாராமலே எழுதுங்கோ. நேரம், வெளிச்சம், போன திசை. காணாததை எழுதாதேங்கோ, கண்டதை விடாதேங்கோ." அந்தத் தாள்களை இப்படியான பதிவுகளைச் சேகரிக்கும் சங்கமொன்றுக்கு அனுப்புவேன். ஒரு பொய் கலந்தாலும் எல்லாம் குப்பை என்பது என் கட்சி.

அந்த வருடம் வந்தவர்களில், என்னோடு தொழிற்சாலையில் வேலைசெய்த அக்கா ஒருவரும் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். எல்லோரும் புல்லில் போர்வை விரித்துப் படுத்தோம். முதல் மணித்தியாலம் முடிய, சிவப்புத் தாள் சுற்றிய ரோச் லைற் வெளிச்சத்தில் தாள்களைப் பார்த்தேன். மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பதிந்திருந்தார்கள். அவருடையதில் மூன்றே மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சத்தம் இல்லை' என்று எழுதியிருந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னக்கா உது? உதுக்குச் சத்தம் வராது. மிச்சமெல்லாத்தையும் விட்டிட்டு என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"எண்ணிக்கொண்டிருந்தனான், தம்பி."

ஊரில் இரவில் ஆமி முகாம் பக்கமாக வெளிச்சம் வெட்டினால், ஷெல் குண்டு வந்து விழும்வரை எண்ணுவார்களாம். அவர்களுடைய வீட்டுக்கு இருபது. அதற்குள் விழாவிட்டால் தப்பியாயிற்று என்பது கணக்கு.

"ஒருநாள் இருபது தாண்டிச்சுது. சத்தம் இல்லை. பங்கர்க் குழிக்குள்ள இருந்த பிள்ளையை, வெளியில வா ராசா எண்டு நான்தான் கூப்பிட்டனான்."

என் கையிலிருந்த தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என் வாயை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுபடி படுத்தோம். வடக்கே ஒன்று பச்சையாக, நீளமாக எரிந்து போனது. அவர் மெல்ல எண்ணத் தொடங்கினார். நானும் பக்கத்தில் கிடந்து வாய்க்குள் எண்ணினேன். இருபது வந்தது. அவர் நிறுத்தவில்லை. பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் வரத்தான் போகிறது என்று என் உடம்பும் நம்பியது. நூறு தாண்டியும் எண்ணினோம். பிறகு அடுத்தது விழ, திரும்பவும் ஒன்றிலிருந்து. அந்த மணித்தியாலம் முழுக்க நான் ஒன்றையும் பதியவில்லை.

சங்கத்துக்கு அனுப்பிய என் தாளில், இரண்டாம் மணித்தியாலத்துக்கு எதிரே 'மேகம்' என்று எழுதினேன். அன்று வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.