‘நீ யார்?’ என்று கேட்ட விசை

இப்போதெல்லாம் வங்கி என் கைபேசிக்கு ஓர் எண்ணை அனுப்பி, நான் நான்தானா என்று விசாரிக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டிய ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில், இதே வேலையை நான் ஒற்றை விரலால் செய்துகொண்டிருந்தேன்.

அங்கே டெலக்ஸ் இயந்திரம் என் பொறுப்பு. பம்பாய் தலைமை அலுவலகத்தில் ஒருவர் தட்டினால், அந்த நொடியே இங்கே காகிதத்தில் எழுத்து விழும். ஆயுத பூஜையன்று மானேஜர் பக்தி மிகுந்து விசைகளுக்கே சந்தனம் வைத்தார். ஒரு வாரம் எங்கள் செய்திகள் மூன்று எழுத்துகள் இல்லாமல் பம்பாய்க்குப் போயின. ‘சந்தனம் மூடிக்கு மட்டும்’ என்று விதி எழுதி ஒட்டியவன் நான்.

அந்த இயந்திரத்தில் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் எதிர்முனை இயந்திரம் தன் அடையாளக் குறியைத் தானாகவே அனுப்பும். மனிதக் கை படவேண்டாம். ‘நீ யார்?’ விசை என்போம். செய்தி தொடங்கும்போதும் முடியும்போதும் அழுத்த வேண்டும் என்பது முறை. பல அலுவலகங்களில் முடிவில் அழுத்தச் சோம்பல்படுவார்கள். பம்பாய் ஆபரேட்டரும் நானும் ஒருநாளும் விட்டதில்லை. முகம் பார்த்திராத இரண்டு பேர் சொல்லிக்கொண்டு போகும் விதம் அது.

ஒருநாள் காலை பம்பாய் பெயரில் ஒரு செய்தி வந்தது. அசல் கப்பல் ரசீது பின்னால் வரும், கிடங்கில் இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்களை வந்திருக்கும் லாரியில் கொடுத்துவிடவும் என்றது. தலைப்பில் பம்பாயின் குறி எழுத்துப் பிசகாமல் இருந்தது. ஆனால் அது விழுந்த சத்தம் என் காதில் இருந்தது. இயந்திரம் அனுப்பும் குறி ஒரே மூச்சில் கடகடவென்று விழும். அன்று விழுந்தது தயங்கித் தயங்கி, ஒவ்வோர் எழுத்தாக. யாரோ கையால் தட்டியிருக்கிறார். முடிவில் நான் விசைக்கு விரலைக் கொண்டுபோவதற்குள் இணைப்பு போய்விட்டது.

சரக்கு வெளியே போக, டெலிவரி சீட்டில் டெலிவரி கிளார்க்கின் கையெழுத்தும், என் ‘சரிபார்த்தது’ முத்திரையும் வேண்டும். கிளார்க் என் தோஸ்து. பக்கத்து மாதா கோயில் தெருக்காரர். பத்து வருஷம் தினக்கூலியாக இருந்துவிட்டு அந்த மாதம்தான் நிரந்தரமானவர். மானேஜர் அவரிடம் அதற்குள் கையெழுத்து வாங்கிவிட்டார். சரக்கு தவறான கைக்குப் போனால் வீட்டுக்குப் போகவேண்டியவர் அவர்தான். மானேஜர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த ஒரு நடைமுறையை மட்டும் அவர் தவறாமல் கடைப்பிடித்தார்.

நான் சீட்டை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

“இன்னா நைனா, லாரி நின்னுகினு கீது. முத்திரைய குத்தேன்” என்றார் கிளார்க்.

“குறியைக் கையால தட்டியிருக்கான்.”

“காயிதத்துல எல்லாம் ஒரே மாதிரிதான கீது? கையா மிஷினான்னு உனக்கு எப்புடித் தெரியும்?”

“காதால.”

“கெட்டுது போ! உன் காத நம்பி என் வேலய வச்சிகினு நிக்கிறேன்.”

மானேஜர் வந்தார். “பெரிய எழுத்தில் அச்சாகி வந்திருக்கு. இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?”

“டெலக்ஸில் எல்லாமே பெரிய எழுத்துதான் சார். பொய்யும் அப்படித்தான் வரும்.”

“லேட்டானா பதில் நீதான் சொல்லணும்.”

“எழுதிக் கொடுங்க சார், சொல்றேன்.”

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதமாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

பம்பாய் எண்ணைச் சுழற்றினேன். லைன் வேலையாக இருந்தது. மறுபடியும் சுழற்றினேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அதே கதை. கிளார்க் டிபன் பாத்திரத்தைத் திறக்காமல் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மாதவரத்திலிருந்து வந்ததாகச் சொன்ன லாரிக்காரர், பம்பாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காவலாளி சொன்னதும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று லாரியோடு போனார். டீ குடிக்க லாரி எதற்கு என்று மானேஜருக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு லைன் கிடைத்தது. விசையை அழுத்தினேன். பம்பாயின் குறி ஒரே மூச்சில் கடகடவென்று வந்து விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு கிளார்க் என்னை நிமிர்ந்து பார்த்தார். வித்தியாசம் அவருக்கும் புரிந்துவிட்டது. பிறகு பதில் வந்தது: அப்படி ஒரு செய்தி அனுப்பவில்லை, சரக்கைத் தரவேண்டாம்.

மானேஜர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். “நானும் சந்தேகப்பட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

இழுப்பறையைத் திறந்து சீட்டைக் கொடுத்தேன். கிளார்க் சிலுவை போட்டுக்கொண்டு, தன் கையெழுத்தை நான்காக, எட்டாக, பதினாறாகக் கிழித்தார். குப்பைக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுப் பையை அழுத்திவிட்டார்.

“அதுல போட்டா எவனாச்சும் பொறுக்கி ஒட்டிடுவான் நைனா. வூட்டாண்ட போய் அடுப்புல போட்டுக்கறேன்” என்றார்.