சரசக்காவும் அவர் வீட்டுக் கடலும்

சரசக்கா போய்விட்டார் என்று அவர் தம்பி முருகேசன் போனில் சொன்னபோது, நான் மில் ஆபீஸில் நெல் லாரிக்கு ரசீது போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா காலைல எந்திரிக்கவே இல்லீங்க" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு அந்த ரசீதை முடித்தேன். அடுத்த லாரிக்கும் போட்டேன். பக்கத்தில் அக்காவின் நாற்காலி காலியாகக் கிடந்தது; அக்கா லீவில் இருப்பது போலத்தான் தோன்றியது. இன்றுவரை அப்படித்தான் தோன்றுகிறது, என்ன செய்ய.

கொல்லங்கோட்டில் அக்காவைத் தெரிந்த எல்லாருக்கும் அவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியையும் தெரியும். கடல் எங்கே, நம் ஊர் எங்கே! உப்புத் தண்ணீர் நிறைந்த அந்தத் தொட்டிக்குள் சர்ஜன் மீன் என்று ஒரு கடல் மீன். உள்ளங்கை அகலம், நல்ல நீலம், மஞ்சள் வால். வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி போல் முள். வந்த புதிதில் அக்காவின் விரலைக் கிழித்துவிட்டது. கட்டோடு ஆபீசுக்கு வந்தவர், "மாப்ளைக்குக் கோவம் அம்மிணி. பொண்ணு ஊட்டுத் தண்ணி சரியில்லையாம்" என்றார். அன்றிலிருந்து அவன் மாப்பிள்ளை.

ஒருமுறை மாப்பிள்ளை உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. கோயமுத்தூர் கடைக்காரர், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளச் சொன்னார். "தூக்கிப் போட அதென்ன கறிவேப்பிலையா?" என்று அக்கா அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். தனித் தொட்டியில் விட்டு, மருந்து ஊற்றி, சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டார். இது என்ன பைத்தியம் என்று நான் கேட்டதற்கு, "நான் தண்ணியத்தான் பாக்கறேன். மீனு தன்னைப் பாத்துக்கும்" என்றார்.

அக்காவை எடுத்துப்போன பிறகு பெண்கள் நாங்கள் வீட்டைக் கழுவினோம். வழக்கப்படி, பிடித்துவைத்த தண்ணீரையெல்லாம் கொட்டினோம். குடம், அண்டா, பக்கெட். பின்பக்கம் இருந்த டிரம்மையும் யாரோ கவிழ்த்துவிட்டார்கள். தொட்டிக்கு மாற்றுவதற்காக அக்கா உப்புக் கலக்கி வைத்திருந்த தண்ணீர் அது. நான் போவதற்குள் ஓடிவிட்டது. அடுத்து அக்காவின் பெரியம்மா தொட்டியைக் காட்டி, "இதும் நின்ன தண்ணிதானே, கொட்டுங்க" என்றார். ஒருத்தி பிளக்கையே பிடுங்கிவிட்டாள். மோட்டார் நின்றது. மாப்பிள்ளை கல்லிடுக்கில் ஒடுங்கினான்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "பெரியம்மா, அது கடல் தண்ணிங்க! கடலுக்கு ஏதுங்க தீட்டு?" என்று கத்திவிட்டேன். பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "அட ஆமா சாமி, உடுங்க" என்றார். பிளக்கை நான் மாட்டினேன்.

முருகேசனுக்கு மூணாற்றில் ஓட்டல் வேலை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். "நீங்களே கொண்டு போயிருங்க" என்றார். பழைய தண்ணீரைக் கேன்களில் பிடித்து, தொட்டியை மில் வண்டியில் ஏற்றி, நல்லேப்பிள்ளியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாப்பிள்ளை வெளுத்துப்போய் மூலையிலேயே கிடந்தான். போட்ட தீனி எதையும் தொடவில்லை. இவனும் போய்விட்டால் அக்கா முழுசாகப் போய்விடுவார் என்று ராத்திரியில் எழுந்து எழுந்து பார்த்தேன்.

பிறகு ஒரு காலையில் வந்து, கிளிப்பில் தீனியாக மாட்டியிருந்த கடற்பாசித் தாளைக் கடித்தான். நான் உடனே போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்திவிட்டேன்.

முருகேசன் எடுத்தார்; அக்காவின் போன் அவரிடம்தான் இருந்தது. வைக்கவும் முடியவில்லை. "மாப்ள சாப்பிட்டானுங்க" என்றேன். சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் ஓவென்று அழுதார். நான் போனைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு வரவில்லை.

அக்காவைத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளை என்னிடம் இருக்கிறான். வாராவாரம் உப்புக் கலக்கும் அக்காவின் வேலையும் என்னிடம் இருக்கிறது. அழுகை வரும்போது வரட்டும். நாளைக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்.