சிவப்பு வளையச் சேவல்

பிரசவ வார்டில் அவளுக்கு டேக்கம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில், தாயின் பெயரும் எண்ணும் எழுதிய 'டேக்' என்கிற பட்டையைக் கட்டுவது அவள் வேலை. பட்டை ஏறாமல் குழந்தையை அந்த அறையிலிருந்து ஓரடி நகர்த்த விடமாட்டாள். பெரிய டாக்டரே அவசரப்பட்டாலும் "ஒரு நிமிஷம் சார்" என்பாள். அவரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார். பிறந்த அன்றைக்கு எல்லாக் குழந்தையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அப்பா மூக்கு, அத்தை காது என்று சொல்வதெல்லாம் பாசத்தில் வருகிற பேச்சு, பட்டை சொல்வதுதான் பேச்சு என்பது அவள் கட்சி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கையில் ஒரு பட்டைகூட மாறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், தலைக்கனத்துக்கு அவளிடம் வேறு என்ன இருந்தது?

வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். தெருவில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடைக்காது. யார் எதைக் கேட்டாலும் சரி என்பார். ஒரே காலையில் மூன்று வீட்டு மோட்டாரைப் பார்க்க வருவதாக ஒப்புக்கொள்வார்; மூன்று வீட்டிலும் அவர் தங்கமான மனுஷன்தான். ஊருக்கெல்லாம் சரி சொல்கிற ஆள் யாரிடமாவது இல்லை என்று சொல்லித்தானே தீரவேண்டும். அந்த 'இல்லை' எப்போதும் வீட்டுக்குள் வந்து விழும், அதுவும் வாயைத் திறந்து வராது. அவளிடமும் சரி என்றுதான் சொல்வார். பிறகு காரியம் வேறு மாதிரி நடந்திருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் அவள் அதை மறதி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனதால் கோழி வளர்க்க ஆரம்பித்தாள். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில், பழைய பெட்டிப் பலகையில் அடித்த கூண்டு, ஏழெட்டுக் கோழிகள். அந்த வருஷம் பொரித்த குஞ்சுகளில் இரண்டு வெள்ளைச் சேவல்கள் வளர்ந்து வந்தன. கொண்டையிலிருந்து கால் நகம் வரை அச்சு அசல் ஒன்றுபோல. ஆளாகும்வரை சும்மா இருந்துவிட்டு, ஆனதும் சண்டைக்கு நின்றன. கொண்டை கிழிந்து ரத்தம் வடிந்தது. அந்த இரண்டின் தொல்லை தாங்காமல் கோழிகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. ஒன்று இருக்கவேண்டும், ஒன்று போகவேண்டும்.

எது போவது? அவள் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்கிற ஆள் இல்லை. தீவனக் கடையில் இரண்டு பிளாஸ்டிக் வளையம் வாங்கி வந்து, ஒன்றின் காலில் சிவப்பையும் மற்றதில் நீலத்தையும் மாட்டினாள். டியூட்டி இல்லாத நேரமெல்லாம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்தாள். சிவப்பு, மண்ணைக் கிளறிப் புழு கண்டால் தான் தின்னாது. கொக்கரித்துக் கோழிகளைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும். வானத்தில் பருந்து தெரிந்தால் கடைசிக் கோழி கூண்டுக்குள் போகும்வரை வெளியே நிற்கும். நீலமும் அதே மாதிரிதான் கூப்பிடும். ஆனால் அதன் காலடியில் ஒன்றும் இருக்காது. நம்பி ஓடிவந்த கோழியின் முதுகில் ஏறிக்கொள்ளும். அதோடு, ஆள் திரும்பி நிற்கும்போது குதிகாலைக் கொத்தும் குணம் வேறு. சிலிண்டர் போடுகிறவர் ஒரு தடவை கொத்து வாங்கியதிலிருந்து சிலிண்டரை வாசல் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போனார்.

சிவப்பு இருக்கட்டும், நீலத்தைக் கோழிக் கடையில் போட்டுவிடலாம் என்று அவரிடம் சொன்னாள். அவர் சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கடைக்கு எதற்கு, அக்கா வீட்டில் சேவலே இல்லை, அக்காவுக்குக் கொடுத்துவிடலாமே என்றார். அங்கே பேரப் பிள்ளைகள் ஓடியாடுமே, இது கொத்துமே என்று அவளுக்குத் தயக்கம். கம்பி வலைக்குள் வைத்துத்தான் வளர்ப்பார்கள், நீ கவலைப்படாதே என்றார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

நாத்தனார் சேவலை வாங்க வந்த அன்று அவளுக்குப் பகல் டியூட்டி. வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது, கோழிகள் அடைந்திருந்தன. கூண்டுக்குள் கையை விட்டு, நீல வளையம் போட்டதைத் தூக்கிக் கூடையில் வைத்து மூடிக்கொடுத்தாள். அடைந்த கோழி சத்தம் போடாது, கொத்தாது. தன் கையாலேயே கொடுத்தாள். பின்னால் அவளை அரித்தது இந்த ஒரு விஷயம்தான்.

மறுநாள் காலையில் தீவனம் வைத்துவிட்டுத் திரும்பியதும் குதிகாலில் ஒரு கொத்து. பார்த்தால் சிவப்பு வளையம். போட்டிக்கு ஆள் இல்லை என்று திமிர் வந்துவிட்டது போல என்று நினைத்தாள். அடுத்த நாள் அது கொக்கரித்துக் கூப்பிட்டது, கோழிகள் ஓடின, தரையில் ஒன்றும் இல்லை. அப்படியானால் கூடையில் போனது எது?

அவரிடம் சொன்னாள். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "நல்லது சிவப்பா நீலமான்னு உனக்குக் கொழம்பியிருக்கும். வயசாகுதுல்ல" என்றார். சிரித்துக்கொண்டு, பிரியமாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. இரண்டே சேவல், இரண்டே நிறம், அதை நினைவில் வைக்கத் தெரியாத நான் வார்டில் என்ன கிழித்திருப்பேன் என்ற நினைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. கட்டிய பட்டையை இரண்டு தடவை படித்தாள், மூன்று தடவை படித்தாள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கட்டிய கைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. பஸ்ஸில் ஒரு தாயும் மகளும் ஜாடை ஒட்டாமல் உட்கார்ந்திருந்தால், இது நம் வார்டில் பிறந்ததோ என்று மனசு அடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. வீட்டில் அவர் மட்டும் வழக்கம்போல இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம்தான் அந்த இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் பெண், இரண்டும் ஒன்றுபோல. ஒன்று, இரண்டு என்று எழுதிய பட்டைகளை எடுத்து முதலாவதற்குக் கட்டினாள். இரண்டாவதற்கும் கட்டினாள். கட்டியதை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள், திரும்ப அவிழ்த்தாள். படுத்திருந்த தாய் தலையைத் தூக்கி, என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, நர்ஸைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னாள். நேராகப் போய் இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால் நின்று, இனி என்னால் முடியாது, வேறு வேலை போடுங்கள் என்றாள். சிஸ்டர் கெஞ்சிப் பார்த்தும் அவள் கேட்காததால் துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

அன்று மாலை அவரிடம் சொல்லும்போது அழுதுவிட்டாள். அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். "விடு, ஒரு வகையில நல்லதுதான். ஒக்காந்தே மடிக்கலாம், முட்டி வலிக்காது" என்றார். முட்டிக்குத் தைலம்கூட வாங்கி வந்தார். அவளும் அதைத் தேய்த்துக்கொண்டாள்.

தவறான சேவல் போய்ச் சேர்ந்ததற்கு நாத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டதால், ஒரு லீவு நாளில் தனியாகக் கிளம்பிப் போனாள். அங்கே கம்பி வலையும் இல்லை, ஒன்றும் இல்லை. முற்றத்தில் பேரன் மண்ணில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான்; அவன் கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளைச் சேவல் மண்ணைக் கிளறியது, கூப்பிட்டது, கோழிகள் வந்ததும் ஒதுங்கி நின்றது. காலில் நீல வளையம்.

"அண்ணி, நான்தான் கொழம்பிப்போய் மாத்திக் குடுத்துட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

நாத்தனார் விசிறிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தினாள். "என்ன கொழப்பம்? பேரப் புள்ளைங்க இருக்கு, சாதுவானதா வேணும்னு தம்பிகிட்ட முன்னாடியே சொல்லிவச்சேன். அன்னைக்கு மத்தியானமே நான் வந்துட்டேன். தம்பி வளையத்தை மாத்தி மாட்டிட்டு இருந்தான். ஏன்டான்னேன். நீதான் மாத்தச் சொன்னதாச் சொன்னான்." நல்லதைக் கொடுத்துவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்கிற மனசு யாருக்கு வரும், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அந்த அம்மாளுக்கு என்ன தெரியும்.

டேக்கம்மா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் வரும்போது முதலில் வந்தது சந்தோஷம்தான். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். என் கண் தப்பு பண்ணவில்லை, என் கை தப்பு பண்ணவில்லை. பாதி தூரம் வந்த பிறகுதான் மற்றது வந்தது. துணி மடித்த நாட்களும், இறங்காத சோறும், அந்தத் தைலமும். எல்லாம் தெரிந்தே பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

அவர் திண்டில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டாள். அவர் பூசி மெழுகப் பார்த்தார். அக்கா வாய்விட்டுக் கேட்டது, மறுக்க முடியவில்லை, உன்னிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாய், உப்புப் பெறாத ஒரு சேவல், சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன்.

"நான் வார்டை விட்டுட்டு வந்து அழுதேனே, அன்னைக்கும் சொல்லணும்னு இருந்தீங்களா?"

"அன்னைக்குச் சொன்னா நீ என்னைப் பத்தி என்ன நெனைப்பேன்னு பயமா இருந்துச்சு."

"என்னைப் பத்தி நான் என்ன நெனைச்சாலும் உங்களுக்குப் பரவாயில்ல" என்றாள். நாளைக்கே போய் அந்தச் சேவலை வாங்கி வருகிறேன் என்றார். வேண்டாம், அங்கே குழந்தைகள் இருக்கின்றன, இதைக் கொண்டுபோய் அங்கே விடமுடியாது, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனாள். திரும்ப வேண்டும் என்றால் காரணம் சொல்லவேண்டும். இத்தனை வருஷம் வீட்டுக்காரரைப் பற்றி வெளியே ஒரு சொல் விட்டதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் தங்கமான மனுஷன் என்றே சொல்லியிருக்கிறாள். இப்போது மேஜைக்கு முன்னால் நின்று, "தப்பு என்னோடதில்ல சிஸ்டர். எங்க வீட்டுக்காரர் என்னை ஏமாத்திட்டார்" என்றாள். பக்கத்தில் ஊசி எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. சிஸ்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா என்றார்.

அன்றைக்குப் பிறந்த குழந்தைக்கு ஒரே தடவையில் கட்டினாள். ஒரே தடவைதான் படித்தாள்.

வீட்டில் சண்டை சச்சரவு ஏதும் இல்லை. சமைத்தாள், பரிமாறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். இப்போதெல்லாம் அவரே விழுந்து விழுந்து வேலை செய்கிறார். கேஸை அணைச்சிட்டேன் என்பார். அவள் எழுந்து போய்ப் பார்ப்பாள். பின்கதவைப் பூட்டிட்டேன் என்பார். போய் இழுத்துப் பார்ப்பாள். ஒரு நாள், கோழிக்குத் தீனி வச்சாச்சு, நீ ஒக்காரு என்றார். அவள் பின்பக்கம் போனாள். வைத்திருந்தார், தண்ணீரும் மாற்றியிருந்தார். வைத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், போய்ப் பார்க்காமல் அவளால் உட்கார முடியவில்லை.