இரும்பாலை வளைவு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு தோழியும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் திருவாலங்காட்டிலிருந்து வந்தவள். அவள் பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். இயற்பியல் படித்துவிட்டு, நான் வேலை பார்த்த அதே ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் இருந்தாள். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லாரிகள் அதிகம் ஓடாது. தொழிற்பேட்டைச் சாலைகள் எங்களுக்கே எங்களுக்கு. சில வாரங்களில், அவளை இறக்கிவிட்டு நான் தனியாக ஓட்டும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஓர் இரும்பாலை மதிலை ஒட்டி ஒரு வளைவு. அதில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் எத்தனையோ முறை திரும்பியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிச்சல் வந்து நாற்பதில் திரும்பினேன். சாலையில் கிடந்த மணலில் டயர் வழுக்கியது. அடுத்த நொடி வளைவுக்கு வெளியே, வேலிக்காத்தான் புதரில் கிடந்தேன்.

ஓடி வந்தவள் முதலில் என் கைகால்களை அசைத்துப் பார்த்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து முள் எடுக்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி, இவ்ளோ வேகமா திரும்புற?"

"எப்பவும் வர்றதவிட ரெண்டு மடங்குதானே."

"வேகம் ரெண்டு மடங்கு. ஆனா வண்டிய வளைச்சி இஸ்துக்கினு போவ நாலு மடங்கு பலம் வேணும். டயரு ரோட்ட புடிச்சாத்தான் அது கெடைக்கும். மணல்ல எங்கேர்ந்து கெடைக்கும்?"

"மூணு மடங்கு வேகத்துல வந்தா?"

"ஒம்போது மடங்கு. அப்போ முள்ளு எடுக்க வேற ஆளப் பாரு."

முள் குத்திய வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

அறைக்குப் போகலாம் என்றேன். அவள் விடவில்லை. "இப்போ போய்ட்டா இனிமே வண்டியத் தொடமாட்ட" என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பயம் விலகும் வரை அதே வளைவில் மெதுவாகத் திரும்பித் திரும்பி வந்தோம்.

அடுத்த மாதம் அவளை ஏற்றிக்கொண்டு பழவேற்காடு வரை ஓட்டிப் போனேன். "நீயா ஓட்டிக்கினு வந்த?" என்று கேட்ட அவள் அம்மா, என் தட்டில் இன்னொரு நண்டு வைத்தார்.

கல்யாணமாகி அவள் இப்போது சூரத்தில் இருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து நான்தான் ஸ்கூட்டரில் அழைத்துப் போகிறேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். பழவேற்காடு ஏரி கண்ணில் பட்டதும், அதற்குள் அவள் வீடு வந்துவிடுகிறதே என்று நான் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை.